சைரன் அக்காவும் செத்த வைரஸும்

எங்கள் தெருவில் மழைக்கு முன்னால் என் அக்கா வந்துவிடுவாள். வானம் லேசாகக் கறுத்தால் போதும், கீழ்வீட்டு வாசலில் நின்று மேல்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பாள். "துணியை எடுங்க! ஜன்னலைச் சாத்துங்க! டேய், குடை எடுத்துட்டுப் போனியா இல்லையா?" மேல்வீட்டில் இருப்பது நானும் என் மனைவியும். குரல் எங்களுக்குத்தான் என்றாலும் எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்படும். பக்கத்து மாடிக் கொடியில் துணிகள் மறையும். தெருமுனைச் செருப்புக் கடைக்காரர் வெளியே தொங்கவிட்ட ஜோடிகளை அள்ளி உள்ளே போடுவார். பாதி நாள் மழையே வராது. அதற்காக அக்கா வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த மேகத்துக்குத் தயாராகிவிடுவாள்.

மழை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மாடிப்படி வழுக்கும், பார்த்துப் போ. இது சாதாரண இருமல் இல்லை, போய்க் காட்டு. அந்த பஸ் டிரைவருக்குக் கண் சிவந்திருக்கிறது, ஏறாதே. அவள் கணவர், எங்கள் மாமா, தையல் மெஷின் கடையில் வேலை பார்க்கிறார். அவர் இத்தனை வருடத்தில் பேசியதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் 'ம்' என்பதுதான் தேறும். அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டில் பேச்சுக்கு உள்ள இடம் முழுவதையும் ஒருத்தியே எடுத்துக்கொண்டால் மனிதர் வேறு என்ன செய்வார்?

அக்காவுக்கு வைரஸ்களை ஆராயும் ஒரு நிலையத்தில் வேலை. செல் வளர்க்கும் அறை அவள் பொறுப்பு. நானும் அங்கேதான் இருக்கிறேன். குளிர்பெட்டியோ ஏ.சி.யோ மக்கர் செய்தால் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் வரும் மெக்கானிக் நான். நிலையத்தில் அக்காவுக்கு 'சைரன்' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும். "நல்ல பேர்தான். சத்தம் கேட்டாதானே நாலு பேர் பிழைப்பாங்க?" என்பாள்.

செல் வளர்ப்பது என்பது பச்சைக் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற மாதிரி வேலை. மனித நுரையீரலிலிருந்து எப்போதோ எடுத்த செல்களின் வம்சம், தட்டையான பிளாஸ்டிக் குடுவைகளின் அடியில் ஒட்டிக்கொண்டு பெருகும். அவற்றுக்குச் சாப்பாடு மீடியம் என்கிற சிவப்பு நீர். செல்கள் தின்னத் தின்ன அது மஞ்சளாகும். மஞ்சளாவதற்குள் மாற்ற வேண்டும். புதிதாகக் குடியேற்றிய செல்கள் கொஞ்சமாக இருக்கும்போது, முழுக்கப் புது மீடியம் ஊற்றினால் முறைத்துக்கொண்டு வளராமல் கிடக்கும். அதனால் நன்றாக வளர்ந்த குடுவையிலிருந்து பழைய மீடியத்தைக் கொஞ்சம் வடிகட்டி எடுத்து, புதுசோடு கலந்து ஊற்றுவார்கள். பழைய வீட்டின் வாசனை இருந்தால் அவற்றுக்குத் தைரியம் வருமாம். இதில் அக்காவின் கைக்கு ஈடு கிடையாது. மற்றவர்கள் கையில் சோர்ந்துபோகும் செல்கள் அவள் கையில் கொழுகொழுவென்று வளரும். அந்த அறையின் சாவியை அவள் தாலிக்கயிறு மாதிரி கழுத்திலேயே போட்டுக்கொண்டு திரிவாள். தூங்கும்போதாவது கழற்றுவாளா என்று மாமாவைக் கேட்டேன். "ம்" என்றார்.

இந்த அறைக்கு மேலதிகாரியான டாக்டரம்மாவிடம் ஓர் ஆராய்ச்சி மாணவி வந்து சேர்ந்தாள். முகக்கவசம் போட்டதும் அவள் கண்ணாடியில் ஆவி படிந்துவிடும். அவள் குருடி மாதிரி தடவிக்கொண்டு நிற்பாள். அதனால் எங்களுக்கு அவள் 'கண்ணாடி'. அக்கா வளர்த்துக் கொடுக்கும் செல்களில் சளிக்காய்ச்சல் வைரஸை விட்டு, செல்கள் அதை எப்படி எதிர்த்து நிற்கின்றன என்று பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. எதிர்ப்பைப் பார்க்க வேண்டுமானால் முதலில் வைரஸ் வளர வேண்டும் அல்லவா? அதுதான் வளரவில்லை. போன மாதம் வரை காட்டுத்தனமாக வளர்ந்த வைரஸ், திடீரென்று அக்காவின் செல்களைக் கண்டதும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிட்டது. கண்ணாடிக்கு அழாத குறை.

ஒருநாள் அவர்களுடைய உறைபெட்டியின் கதவு ரப்பரை நான் மாற்றிக்கொண்டிருந்தேன். கண்ணாடி பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கையில் ஒரு படத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைப் பின்னணியில் கறுப்புக் கோடுகள், கீழிருந்து மேலாக ஏணிப்படி போல.

"என்னம்மா, பேய் அறைஞ்ச மாதிரி இருக்கே?"

"அண்ணா, இந்த ஏணி இங்க இருக்கவே கூடாது."

விளக்கச் சொன்னேன். எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக இல்லை. பேசினால் அந்தப் பெண் அழமாட்டாள் என்பதற்காக.

"வைரஸ் ஒரு செல்லுக்குள்ள புகுந்ததும் அந்தச் செல் சும்மா இருக்காது அண்ணா. இன்டர்ஃபெரான்னு ஒண்ணை வெளியில விடும். அது பக்கத்துச் செல்களுக்குப் போய், 'ஆள் வந்துட்டான், உஷாரா இரு'ன்னு சேதி சொல்லும்."

"அந்த முதல் செல்லு?"

"அது பெரும்பாலும் போயிடும். ஆனா சொல்லிட்டுத்தான் போகும். சேதி கேட்ட செல்கள் உடனே நூத்துக்கணக்குல புரதங்களைச் செய்யும். அதுல ஒரு குட்டிப் புரதம்தான் நான் தேடறது. யுபிக்விட்டின்னு ஒரு புரதம் இருக்கு, அதோட ஜாடை இதுக்கு. ரெண்டு யுபிக்விட்டினை ஒண்ணா ஒட்டி வெச்ச மாதிரி இருக்கும்."

"அது போய் வைரஸை அடிக்குமா?"

"அடிக்காது. ஒட்டிக்கும்."

"ஒட்டிக்கிட்டு?"

"அவ்வளவுதான். ஒட்டிக்கும்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவள் விடவில்லை. அந்தக் குட்டி, செல்லுக்குள் புதிதாகச் செய்யப்படும் புரதங்களாகப் பார்த்துப் போய் ஒட்டிக்கொள்ளுமாம். நம்முடையது, வைரஸுடையது என்று பேதம் பார்க்காது. ஆனால் வைரஸ் புகுந்த செல்லில் புதிதாகச் செய்யப்படுவதில் வைரஸின் சாமான்கள்தான் ஏராளம். அந்தச் சாமான்கள் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தினால்தான் புது வைரஸ் உருவாகும். நடுவில் ஒரு துண்டின் மேல் குட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் பொருந்தாது. மொத்த வேலையும் கெட்டுவிடும். எனக்கு என் மனைவியின் சித்தப்பா ஞாபகம் வந்தது. நாங்கள் வீடு மாறிய அன்று வந்து, பீரோ தூக்குகிறவர்களோடு ஒட்டிக்கொண்டு படியிலேயே நின்று கதை சொன்னார். பீரோ சாயங்காலம் வரை கதவைத் தாண்டவில்லை.

"சில வைரஸ்கள் கத்தரியோட வரும் அண்ணா. ஒட்டினதை வெட்டிட்டு வேலையைப் பார்க்கும்."

சித்தப்பா விஷயத்தில் எங்களுக்கு அந்தக் கத்தரி கிடைக்கவில்லை. அதிருக்கட்டும், இதில் அழ என்ன இருக்கிறது என்று கேட்டேன். கண்ணாடி படத்தில் ஓரமாக இருந்த ஏணியைத் தொட்டுக் காட்டினாள். "குட்டி ஒட்டின ஒவ்வொரு புரதமும் இந்தப் படத்துல ஒரு கோடா விழும் அண்ணா. இது வைரஸே விடாத செல்கள். அக்கா அறையிலிருந்து நேரா வந்தது. இதுலயும் குட்டி எல்லாத்து மேலயும் ஒட்டியிருக்கு. அதாவது, வைரஸ் வர்றதுக்கு முன்னாடியே யாரோ இதுங்களுக்குச் சொல்லி வெச்சிருக்காங்க. டாக்டரம்மா, நான்தான் கை சுத்தமில்லாம வைரஸை அந்த அறைக்குள்ள கொண்டுபோயிட்டேன்னு நினைக்கிறாங்க. நாளைக்குக் கூட்டம். அதுதான்னு முடிவானா என்னை வைரஸ் அறைப் பக்கமே விட மாட்டாங்க. அப்புறம் என் ஆராய்ச்சி அவ்வளவுதான்."

வருவதற்கு முன்னாலேயே யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நிலையத்தில் அப்படிப்பட்ட ஆள் யார் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அக்காவைச் சீண்டினேன்.

"செல்லுங்ககிட்டயும் போய், மழை வருது, ஜன்னலைச் சாத்துன்னு சொன்னியாக்கா?"

ஏணிக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"டேய். நான் அந்தச் செத்ததை ஊத்தினேன்டா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மெதுவாக, அதாவது அவளுடைய கணக்குக்கு மெதுவாக, கதை வெளியே வந்தது. இன்னொரு சோதனைக்காக, ஒளி பாய்ச்சிச் சாகடித்த வைரஸை டாக்டரம்மா சில குடுவைகளில் விட்டிருந்தார். உயிர் இல்லாத வைரஸ், யாருக்கும் தொற்றாது. சோதனை முடிந்ததும் செல்களை எடுத்துக்கொண்டு, மீடியத்தைக் கொட்டச் சொல்லி ஒரு பாட்டிலில் தந்திருந்தார்கள். அக்கா பார்த்தாள். பாட்டில் நிறைய மீடியம், இன்னும் சிவப்பு மாறவில்லை. செல்கள் பாதிகூடத் தின்னவில்லை. அந்த வாரம் கலப்பதற்கு நல்ல பழைய மீடியம் வேறு கைவசம் இல்லை. கொட்ட மனம் வரவில்லை. வடிகட்டி, புதுக் குடுவைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிவிட்டாள்.

"செத்ததுதானே, என்ன செய்யப்போகுதுன்னு நினைச்சேன்."

செத்தது ஒன்றும் செய்யவில்லை. ஆனால் செத்ததைப் பார்த்து அந்தக் குடுவைச் செல்கள் போட்ட கூச்சல், அந்த இன்டர்ஃபெரான், முழுவதும் மீடியத்தில் மிதந்துகொண்டிருந்தது. அதை எடுத்துத்தான் அக்கா ஊட்டியிருக்கிறாள். இவள் செல்கள் பிறந்ததிலிருந்தே கதவைச் சாத்திக்கொண்டு காவல் இருந்திருக்கின்றன.

டாக்டரம்மா கோபக்காரர் இல்லை, ஆனால் அந்த அறைக்கு அவர் போட்ட விதி ஒன்றுதான். அவருக்குத் தெரியாமல் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகக் கூடாது. மீறினால் சாவி போய்விடும். சாவி போனால் அக்காவுக்குப் பாட்டில் கழுவும் அறைதான்.

"இங்க பாரு. அந்த மீடியம் தீர்ந்துபோச்சு இல்ல? இனிமே வர்ற செல்லு சரியாயிடும். யாரும் பார்க்கல. நாளைக்கு ஒருநாள், ஒரே ஒருநாள், வாயைத் திறக்காம இரு."

"அந்தப் பொண்ணு?"

"அவ சின்னவ, எப்படியாவது சமாளிச்சுப்பா."

இதைச் சொல்லும்போது எனக்கே நன்றாக இல்லை. ஆனால் அக்கா இல்லாத அந்த அறையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மாமாவைப் பார்த்தேன். அவர் 'ம்' கூடச் சொல்லவில்லை. அக்கா வெகுநேரம் சாவியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் கூட்டம் நடக்கும் அறையின் ஏ.சி.யில் எனக்குத் திடீரென்று ஒரு கோளாறு தெரிந்தது. ஏணி போட்டு ஏறிக்கொண்டேன். கீழே டாக்டரம்மா படத்தை மேசைமேல் வைத்துப் பேசினார். கண்ணாடி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அக்கா கடைசி நாற்காலியில் உதட்டை இறுக மூடிக்கொண்டிருந்தாள். மூக்கு சிவந்துவிட்டது. வாயை மூடுவது அவளுக்கு மூச்சைப் பிடிப்பது மாதிரி. இன்னும் கொஞ்ச நேரம், அக்கா, கொஞ்ச நேரம் என்று மேலே நின்று நான் வேண்டிக்கொண்டேன்.

"வேற வழி தெரியல. நாளையிலிருந்து நீ வைரஸ் அறைக்குப் போக வேணாம்மா," என்றார் டாக்டரம்மா.

கண்ணாடி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். இந்தத் தடவை அதை நனைத்தது ஆவி இல்லை.

"அந்த மீடியம் நல்ல சிவப்பா இருந்துதுங்க!"

அறையில் எல்லோரும் திரும்பினார்கள். அக்கா எழுந்து நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு யார் தடுத்தாலும் நிற்காது. மீடியம் என்ன நிறம், பாட்டில் என்ன அளவு, கொட்டுவதற்குத் தொட்டிவரை போனது, மனம் கேட்காமல் திரும்பி வந்தது, எப்படி வடிகட்டினாள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். "இந்தப் பொண்ணு கை சுத்தம். நான் தினம் பார்க்கறேன். என் கையாலதான் ஆச்சு. வேணும்னா பாருங்க, அதுல இன்னும் கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கேன்."

மிச்சத்திலும் மிச்சம்! என்னிடம்கூடத் தீர்ந்துபோனதாகத்தானே தலையாட்டினாள். ஏணிமேல் நின்றபடி நான் தலையில் கைவைத்தேன். டாக்டரம்மாவின் உதடு ஒரு பக்கமாகத் துடித்தது. சிரிப்பை அடக்கினார் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். ஆனாலும் கையை நீட்டினார். அக்கா சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். கழுத்தில் அது இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

அந்த மிச்சத்தை வைத்துக் கண்ணாடி சோதனை செய்தாள். வெறும் புது மீடியம் குடித்த செல்களில் வைரஸ் பழையபடி ஆட்டம் போட்டது. அக்காவின் மிச்சம் கலந்து குடித்த செல்களில் தலையெடுக்கவே இல்லை. குட்டி எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிமேல் இருந்த பழி நீங்கியது. அவள் பாட்டில் கழுவும் அறைக்கே ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாம். ஆறுதல் சொல்கிறேன் என்று அந்தக் குட்டியின் இன்னொரு வேலையையும் சொல்லி வைத்தாள்.

"மனுஷ உடம்புல, சத்தம் போட்டது போதும்னு நிறுத்தறதுக்கும் இந்தக் குட்டிதான் உதவும் அக்கா. பிறக்கும்போதே இது இல்லாத சிலர் இருக்காங்க. அவங்க வைரஸை நல்லாவே தாக்குப்பிடிக்கறாங்க. ஆனா இன்டர்ஃபெரான் சத்தம் நிக்கறதே இல்ல. அந்தச் சத்தத்துலயே உடம்பு புண்ணாப்போகுது."

பாவம், அந்தப் பெண் உயிரியல்தான் சொன்னாள். அக்கா அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டுவிட்டாள்.

அன்று சாயங்காலம் கருமேகம் திரண்டு வந்தது. குரல் வரவில்லை. எங்கள் துணி நனைந்தது. எதிர்வீட்டில் வெயிலுக்குப் போட்ட மெத்தை ஊறிப்போனது. செருப்புக் கடையின் ஜோடிகள் தெருவில் பிரிந்து மிதந்தன. கடைக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். "உங்க அக்காவுக்கு உடம்பு சரியில்லையா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" இத்தனை நாள் சத்தம் தாங்கவில்லை என்று முணுமுணுத்தவரும் இவர்தான்.

முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். காலையில் யாரும் ஆயிரம் பத்திரம் சொல்லாமல் வேலைக்குப் போவது ராஜவாழ்க்கை. நாளாக ஆக அது கசந்தது. மாடிப்படியில் இறங்கும்போது அவள் குரலுக்காக என் கால் தானே தயங்கும். அவள் உள்ளே ஏதோ வேலையாக இருப்பாள், நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். என் மனைவி போய்க் கேட்டாள். "அண்ணி, எங்க மேல ஏதாவது கோபமா?" "ஒண்ணுமில்லம்மா," என்றாளாம். பிறகு ஒருநாள் மாமா மாடியேறி வந்தார். மூச்சு வாங்க நின்று, "அவளை எப்படியாவது பேச வையேண்டா, வீடு வீடா இல்ல," என்றார். மாமா முழு வாக்கியம் பேசி நான் கேட்டது அன்றுதான். விஷயம் முற்றிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

சாவி திரும்பி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். வந்தது. அக்கா இல்லாத அறையில் செல்கள் சோர்ந்து சோர்ந்து விழ, கண்ணாடியே டாக்டரம்மாவிடம் போய் நின்றாள். டாக்டரம்மா சாவியை அக்காவின் கையில் வைத்தார். "இனிமே மிச்சம் எதையும் ஊத்தாதீங்க. ஊத்தினா சொல்லிட்டு ஊத்துங்க," என்றார். அக்கா "சரிங்க" என்று வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். செல்கள் மறுபடி கொழுத்தன. வீட்டில் மட்டும் வாய்க்குப் போட்ட பூட்டு அப்படியே இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, என்மேல். ஒரே ஒருநாள் வாயைத் திறக்காமல் இரு என்று கெஞ்சினவன் நான்தான். அன்று அவள் என் பேச்சைக் கேட்டிருந்தால் ஒரு பெண்ணின் படிப்பு போயிருக்கும். பேசினாள், பிழைத்தது. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் நல்ல வார்த்தை சொல்கிற பழக்கம் கிடையாது.

அடுத்த மழை நாளில் வேலை முடிந்து, பையில் குடை இருந்தும் அதை விரிக்காமல் நடந்தே வந்தேன். சொட்டச் சொட்ட அக்காவின் வாசலில் போய் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். உதடு அசைந்தது. கூட்டத்தில் மூடிக்கொண்டிருந்த அதே மாதிரி மூடிக்கொண்டது. எழுந்து போய்த் துண்டை எடுத்து வந்து பேசாமல் என் முன்னால் நீட்டினாள்.

நான் துண்டை வாங்கவில்லை.

"அக்கா, நாளைக்கும் குடை இல்லாமத்தான் போகப்போறேன்," என்றேன். தும்மல் வேறு வந்தது. சத்தியமாக நிஜத் தும்மல்தான்.

"ஏண்டா, உனக்கு அறிவு இருக்கா?" அவ்வளவுதான், உடைந்தது. "இந்த வயசுல நனைஞ்சா நெஞ்சுல சளி கட்டும்டா! பையில குடை நீட்டிக்கிட்டு இருக்கு, யாருக்கு வெச்சிருக்கே? தலையைக் குனி! இது சாதாரணத் தும்மல் இல்ல! மேல யாரு, ஜன்னலைச் சாத்துங்க, சாரல் அடிக்குது!"

மேலே என் மனைவி ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு எதிர்வீட்டு ஜன்னல்கள். தெருமுனையில் செருப்புக் கடைக்காரர், ஏற்கெனவே நனைந்துபோன ஜோடிகளை அவசர அவசரமாக உள்ளே எடுத்தார். அறைக்குள்ளிருந்து மாமா, "ம்," என்றார்.

அக்கா என் தலையைப் பிடித்து அழுத்தித் துவட்டிக்கொண்டே திட்டினாள். சாவி என் நெற்றியில் இடித்துக்கொண்டே இருந்தது. எங்கே நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது. இன்னொரு தடவை தும்மினேன்.